பின்கேட் பூங்கா யாருடையது? – கொஞ்சம் பழைய கதை



பீரோவில் இருக்கும் உங்கள் கிரயப் பத்திரத்தை ஐந்து நிமிடம் வெளியே எடுங்கள். கடைசிப் பக்கங்களில் சொத்து விவரம் இருக்கும். பத்திரம் இங்கிலீஷில் இருந்தால் 'ஷெட்யூல் ஏ' என்று போட்டிருப்பார்கள். கிராமத்தின் பெயர், வரிசையாகச் சர்வே எண்கள், மொத்த நிலம், அதில் உங்கள் ஃபிளாட்டுக்கு உரிய பிரிபடாத பங்கு, அதாவது நாம் யு.டி.எஸ். என்று சொல்வது, எல்லாம் அங்கே இருக்கும். வங்கிக் கடன் வாங்கும்போது வக்கீல் படித்திருப்பார். நாம் படித்திருக்க மாட்டோம். அந்தப் பக்கத்தில் மொத்த நிலத்தைச் சொல்லிவிட்டு, பூங்காவுக்காக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்த இடம் நீங்கலாக, என்று ஒரு வரி வருகிறது. இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றியது.

விஷயம் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். பின்கேட் பக்கம் உள்ள பூங்காவின் சாலை ஓர வாசலை மாலை நேரத்தில் திறந்து வையுங்கள் என்று ஊர் இளைஞர்கள் சிலர் அசோசியேஷனில் மனுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்று இரவு நம் வாட்ஸ்அப் குழு தூங்கவில்லை. "நம்ம பார்க்குக்குள்ள வெளியாள் எதுக்கு?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். அடுத்த பொதுக்குழுவில் இது ஓட்டுக்கு வருகிறது. பழைய நிலப் பதிவேடுகளைப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு என்பதால், இந்த இதழில் அதைப் பற்றி எழுதும்படி ஆசிரியர் குழு கேட்டது. என் கட்சி எது என்பது படிக்கும்போதே தெரிந்துவிடும், ஒளிக்கவில்லை.

கிராமத்தில் புதிதாக வீடு கட்டுவது என்றால் எங்கே கட்டுவது, எதை விட்டுவைப்பது என்ற கேள்வி நம் காலத்தில் வந்தது என்று நினைக்கிறோம். செங்கல்பட்டுச் சீமையில் அது மிகப் பழைய கேள்வி. 1763இல் ஆற்காட்டு நவாப் இந்தப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்ற பொறியாளர் இந்த ஜாகீரின் ஊர்களை ஒன்றுவிடாமல் கணக்கெடுத்தார். 2,000-க்கும் மேற்பட்ட ஊர்கள். அந்தக் கணக்கின் ஓலைச் சுவடிகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும், இங்கிலீஷ் சுருக்கம் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. ஒவ்வோர் ஊருக்கும் மொத்த நிலம் எத்தனை காணி, அதில் நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு, ஏரி எவ்வளவு, தோப்பு எவ்வளவு, காடு, குன்று எவ்வளவு, வீட்டு மனைகள் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். ஒரு காணி என்பது நம் கணக்கில் சுமார் 1.32 ஏக்கர்.

இதைப் படிக்கும்போது மனதில் படுவது, வீட்டு மனை என்பது அந்தப் பட்டியலில் ஒரு வரி மட்டும்தான் என்பது. வீடுகள் எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அந்த இடத்துக்கு நத்தம் என்று பெயர். அதைச் சுற்றி, வீடு இல்லாத நிலம். அதில் பாதிக்கு ஒரு காரணம் இருக்கும்: ஏரி, ஏரிக்கு நீர் வரும் வழி, ஏரியிலிருந்து நீர் போகும் வழி, களம், மேய்ச்சல், சுடுகாடு, வண்டிப்பாதை. ஊர்ப் பெயர்களே இதைச் சொல்லும். பாக்கம், சேரி, நத்தம் என்று முடிந்தால் மனிதர் குடியிருக்கும் இடம். தாங்கல், ஏந்தல், ஏரி என்று முடிந்தால் தண்ணீர் நிற்கும் இடம். பழவந்தாங்கலிலும் ஐயப்பன்தாங்கலிலும் இன்று ஃபிளாட் விளம்பரம் பார்க்கிறோம். தாங்கல் என்றால் சின்ன ஏரி என்பதை விளம்பரத்தில் போடுவதில்லை.

ஏரி உடைந்தால் ஊர் போய்விடும் என்பது வந்த வெள்ளைக்காரருக்கும் சீக்கிரம் புரிந்தது. திருச்சி போகும்போது மதுராந்தகம் ஏரிக்கரை ஓரமாகப் போகிறோமே, அங்கே ஏரி காத்த ராமர் கோயில் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1790களில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், கரை உடையாமல் இருக்க வேண்டும் என்று மழையில் பதறி நின்ற கதை. ராமலட்சுமணர் வில்லோடு காவல் நின்றதை அவர் பார்த்தாரா என்பது பக்தர்கள் விஷயம். ஜாகீரின் ஏரிகளைப் பழுதுபார்ப்பதில் அவர் அக்கறை காட்டினார் என்பது வரலாறு.

பிறகு ரயத்துவாரி செட்டில்மென்ட் வந்தது. நிலத்தை அளந்து, கல் நட்டு, எண் கொடுத்து, 'அ' பதிவேடு என்ற புத்தகத்தில் எழுதினார்கள். வரி கட்டும் நிலம் பட்டாதாரர் பெயரில். வரிக் கணக்குக்கு வெளியே நிற்பது புறம்போக்கு. இந்தச் சொல்லைச் சண்டையில் வசவாகப் பயன்படுத்திப் பழகிவிட்டோம். யாருக்கும் தனியாகச் சொந்தமில்லாத, எல்லோருக்கும் வேண்டிய நிலம் என்பதுதான் அதன் உள்ளடக்கம். ஏரிப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, வண்டிப்பாதை, சுடுகாடு. இன்றைக்கு ஒரு டவுன் பிளானர் வரைபடத்தில் நீலம், பச்சை, சாம்பல் என்று வண்ணம் அடிக்கிறார் அல்லவா, கர்ணத்தின் புத்தகத்தில் அந்த வேலையை இந்தச் சொற்கள் செய்தன.

இதைச் சொன்னால் உடனே "அந்தக் காலத்துல எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு" என்று பெருமூச்சு விடத் தோன்றும். அவசரப்படாதீர்கள். அந்தத் திட்டத்தில் இடமே இல்லாதவர்கள் இருந்தார்கள். ஊர் நத்தம் ஒன்று. சேரி நத்தம் வேறு. வயலில் இறங்கி வேலை செய்தவர்கள் இருந்த குடிசை எந்த மண்ணில் நின்றதோ, அந்த மண்ணும் தங்களுடையது என்று மிராசுதாரர்கள் சொல்லிக்கொண்டார்கள். கூலி பற்றி வாய் திறந்தால் குடிசையைக் காலி செய் என்று சொல்ல முடிந்தது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் பறையர் சமூகத்தின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அவர்கள் இருக்கும் வீட்டு மனைகூட அவர்களுக்கு உரிமையில்லாமல் இருப்பதும், தரிசு நிலத்துக்கு தர்காஸ்து மனுப் போட்டால் மிராசுதாரருக்கே முன்னுரிமை கிடைப்பதும் அதில் வருகின்றன. அதன் தொடர்ச்சியாக 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிபந்தனையுடன் நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் வழக்குகளில் அடிபடுவது அதுதான். அதாவது, நம் மாவட்டத்தின் வீட்டு மனைப் பிரச்சினைதான் அந்த அரசாணைக்கே ஒரு தொடக்கம்.

1919-20இல் சென்னை மாகாண அரசு தொழிலாளர் கமிஷனர் என்ற பதவியை ஏற்படுத்தியது. பெயரைப் பார்த்தால் ஆலைத் தொழிலாளர் விவகாரம் போலத் தெரியும். அவருடைய முக்கிய வேலைகளில் ஒன்று, கிராமங்களில் நிலம் எடுத்து, ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு வீட்டு மனையாகப் பிரித்துக் கொடுப்பது. இன்றைய ஆதிதிராவிடர் நலத்துறையின் வேர் அங்கே இருக்கிறது. நேர்க்கோட்டில் தெரு, ஒரே அளவில் மனை, பொதுக் கிணறு என்று அரசு அளந்து திட்டமிட்ட குடியிருப்புகள் நம் கிராமங்களில் பரவலாக வந்தது இந்த வழியில்தான். அவற்றுக்குக் காலனி என்று பெயர் வந்தது. ஊரிலிருந்து தள்ளியே வைத்தார்கள் என்பதால், கோடு நேராக இருந்தும் பழைய பிரிவினை அப்படியே இருந்தது.

ஒரு சொல்லின் விதியைப் பாருங்கள். சென்னைக்குள் பேங்க் காலனி, ஏஜிஸ் காலனி என்றால் மதிப்பான முகவரி. கிராமத்தில் அதே சொல் சாதியைக் காட்டும் விரலாகிப் போனது. அரசுப் பதிவுகளிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவிக்க வேண்டி வந்தது.

குடியிருக்கும் மண் யாருடையது என்ற கேள்விக்குச் சட்டம் மெதுவாகத்தான் பதில் சொன்னது. 1961இல் குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. பத்து வருடம் கழித்து, 1971இல், விவசாயத் தொழிலாளருக்குக் குடியிருக்கும் மனையையே சொந்தமாக்கும் சட்டம். தஞ்சைப் பக்கம் இதனால் ஏற்பட்ட மாற்றம் பெரிது. 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. ஒரு குடியிருப்பில் 100 வீடு. ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. யார் பக்கத்தில் யார் இருப்பது என்பதையே திட்டத்தின் பகுதியாக்கிய முயற்சி. பல ஊர்களில் அந்த வீடுகள் பராமரிப்பில்லாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் கிராமத்தில் வீடு என்றால் அது சுவரும் கூரையும் மட்டும் அல்ல என்று புரிந்துகொண்டு போட்ட கணக்கு அது.

இந்த இடத்தில் நாம் கதைக்குள் வருகிறோம்.

நகர ஊரமைப்புச் சட்டம் 1971இல் இயற்றப்பட்டது. 1920இல் இருந்த பழைய சட்டத்தின் பெயரில் டவுன் மட்டும்தான் இருந்தது. இதில் 'கன்ட்ரி'யும் சேர்ந்தது. 1970களின் நடுவில் சென்னைப் பெருநகருக்கு முதல் மாஸ்டர் பிளான் வந்தபோது, 1,189 சதுர கிலோமீட்டரைச் சுற்றி ஒரு கோடு போட்டார்கள். ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் அந்தக் கோடு வண்டலூரோடு நின்றது. ஊரப்பாக்கமும் கூடுவாஞ்சேரியும் கோட்டுக்கு வெளியே. நகரத்தின் நெருக்கத்தைக் குறைக்க, கோட்டுக்கு வெளியே சில துணை நகரங்கள் வளர்க்கலாம் என்பது யோசனை. அப்படி எழுந்ததுதான் மறைமலை நகர். கிராம நிலங்களை எடுத்து, பகுதி பகுதியாகப் பிரித்து, பள்ளிக்கூடம், கடை, பூங்கா, தொழிற்சாலை என்று முன்கூட்டியே இடம் ஒதுக்கினார்கள். அங்கே முகவரியில் என்.எச்.1, என்.எச்.2 என்று வரும். புதிதாக வருபவர்கள் நேஷனல் ஹைவே என்று நினைத்துத் தேடி அலைவதுண்டு. அது நெய்பர்ஹுட், அதாவது அக்கம்பக்கம் ஒன்று, அக்கம்பக்கம் இரண்டு. ரொம்ப காலம் அங்கே மனிதர் குடிவரவில்லை என்று கிண்டல் செய்தார்கள். இன்று அதன் அகலமான தெருக்களைப் பார்த்துவிட்டு நம் பின்கேட் சாலைக்கு வாருங்கள், வித்தியாசம் தெரியும்.

ஏனென்றால் மறைமலை நகருக்கும் வண்டலூருக்கும் நடுவே இருந்த கிராமங்களை யாரும் அப்படி முன்கூட்டி யோசிக்கவில்லை. கோட்டுக்கு உள்ளே நிலம் விலை ஏறியது. வீடு தேடியவர்கள் கோட்டைத் தாண்டினார்கள். 1980இல் பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை அரசு ஒழித்து, கிராம நிர்வாக அலுவலர்களை நியமித்தது. ஒழிக்க வேண்டிய முறைதான். அதிகாரம் சில குடும்பங்களிடம் முடங்கிக் கிடந்தது. ஆனால் எந்த வாய்க்கால் எங்கே திரும்பும் என்று மனப்பாடமாகத் தெரிந்த ஆளும் அதே சமயம் போய்விட்டார். மாற்றலாகிப் போகும் அதிகாரிக்குப் புத்தகம் இருந்தது, ஞாபகம் இல்லை.

பிறகு நடந்ததை உங்களில் மூத்தவர்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள். வயலில் கலர்க் கொடி, வெள்ளையடித்த கல், பந்தல், இலவச வேன், மாதத் தவணை. "பஞ்சாயத்து அப்ரூவ்டு சார், கவலையே வேண்டாம்." பஞ்சாயத்துக்கு வீடு கட்ட அனுமதி தரும் அதிகாரம் இருந்தது. ஒரு வயலை நூறு மனையாகப் பிரிக்கும் லேஅவுட்டுக்கு நகர ஊரமைப்புத் துறை, அதாவது டி.டி.சி.பி., ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதலுக்குப் போனால் சாலைக்கு நிலம் விட வேண்டும், பூங்காவுக்கு நிலம் விட வேண்டும், வாய்க்காலைத் தொடக் கூடாது. போகாவிட்டால் எல்லாவற்றையும் மனையாக விற்கலாம். தலைவர் கையெழுத்தும் ஒரு ரப்பர் ஸ்டாம்ப்பும் போதும் என்று வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில். ஏமாற்றியவர்களைத் திட்டலாம். வாங்கியவர்களை நான் திட்ட மாட்டேன். சொந்தமாக ஒரு கூரை வேண்டும் என்று சீட்டுப் பிடித்துப் பணம் கட்டியவர்கள் அவர்கள். அவர்களுக்குச் சட்டப்படி வாங்கக்கூடிய விலையில் மனை எங்கே இருந்தது?

2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, விடாமல் விற்ற நிலத்துக்கெல்லாம் தண்ணீர் கணக்குக் கேட்டது. அடுத்த வருடம் செப்டம்பரில், அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. பதிவு அலுவலகங்கள் ஈயடித்தன. 2017 மே மாதம் அரசு வரன்முறைப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது: 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகளைக் கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளலாம். பலருக்கு நிம்மதி. ஆனால் கட்டணம் கட்டினால் பத்திரம் நேராகும். விடாத பூங்காவும் அடைத்த வாய்க்காலும் எங்கிருந்து வரும்? நம் மதிலுக்கு அந்தப் பக்கம், ஊரைச் சுற்றி இருக்கும் மனைப்பிரிவுகள் பெரும்பாலும் இந்த வகை. ஒரு கிரிக்கெட் மட்டை வீச இடம் கிடையாது. மனுக் கொடுத்த பையன்கள் அந்தத் தெருக்களிலிருந்துதான் வந்தார்கள்.

இப்போது நம் பத்திரத்தின் அந்த வரிக்கு வருவோம். வளர்ச்சி விதிகளில் திறந்தவெளி ஒதுக்கீடு என்று ஒன்று இருக்கிறது, பில்டர்கள் ஓ.எஸ்.ஆர். என்பார்கள். மனை 3,000 சதுர மீட்டருக்குள் இருந்தால் ஒன்றும் விட வேண்டாம். 3,000 முதல் 10,000 வரை என்றால் பத்து சதவீதம் நிலம் விடலாம், அல்லது அதற்கு ஈடாகப் பணம் கட்டலாம். 10,000 சதுர மீட்டரைத் தாண்டிவிட்டால், அதாவது சுமார் இரண்டரை ஏக்கர், பணம் கட்டித் தப்ப முடியாது; சாலைகள் நீங்கலாக உள்ள பரப்பில் பத்து சதவீதத்தை நிலமாகவே உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்தாக வேண்டும். பொதுச் சாலையிலிருந்து நேரே போகக்கூடிய இடமாகவும் அது இருக்க வேண்டும். நம் திட்டம் அந்த அளவைத் தாண்டியது. அதனால்தான் நம் பூங்காவுக்குச் சாலை ஓரம் ஒரு வாசல் இருக்கிறது. பில்டர் அழகுக்காக வைத்தது அல்ல.

விற்பனை பிரசுரத்தில் அதை 'ரெசிடன்ட்ஸ் பார்க்' என்று பச்சை வண்ணத்தில் போட்டிருந்தார்கள். எனக்கும் அதைக் காட்டித்தான் விற்றார்கள். வீட்டைக் கொடுத்துவிட்டுப் போகும்போது சாலை வாசலுக்கு ஒரு பூட்டுப் போட்டு, சாவியை செக்யூரிட்டி அறையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். நாமும் அப்படியே விட்டுவிட்டோம். யு.டி.எஸ். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: பூங்காவில் ஒரு சதுர அடிகூட உங்கள் பங்கில் சேரவில்லை, என் பங்கிலும் சேரவில்லை. இந்த விதியே செல்லுமா என்று சென்னையைச் சேர்ந்த ஓர் அடுக்குமாடி உரிமையாளர் சங்கம் சம்பந்தப்பட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 பிப்ரவரியில், செல்லும் என்று தீர்ப்பாகிவிட்டது.

ஆகவே சட்டப்படி கேள்வியே இல்லை. ஆனால் சட்டத்தை மட்டும் காட்டி உங்களை மடக்க எனக்கு விருப்பமில்லை, பயம் உண்மையானது. பி பிளாக்கில் ஒரு பாட்டி என்னிடம் கேட்டார்: "தம்பி, பேத்தி சாயங்காலம் அங்கதான் விளையாடுறா. யார் யாரோ வந்தா நான் என்ன பண்ணுவேன்?" இதற்குச் சட்டப் பிரிவு எண்ணைப் பதிலாகச் சொல்ல முடியாது. பூங்காவுக்கும் நம் வளாகத்துக்கும் நடுவே உள்ள வாசலில் காவலர் இருக்கலாம், கேமரா இருக்கலாம், மாலை 4 முதல் 7 வரை என்று உள்ளாட்சியோடு பேசி நேரம் வைக்கலாம். ஊஞ்சலும் புல்தரையும் தண்ணீரும் நம் மெயின்டனன்ஸ் பணத்தில் வந்தவை என்று சிலர் சொல்வதும் நியாயம். அதற்கு வழி, பஞ்சாயத்திடம் எழுத்தில் பேசிப் பராமரிப்புப் பொறுப்பை வாங்கிக்கொள்வது. பராமரிப்பது வேறு, பூட்டி வைப்பது வேறு.

"வெளியாள்" என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. நம் சர்வே எண்களை 'அ' பதிவேட்டில் தேடிப் பார்த்தேன். அரசின் இ-சேவை இணையதளத்தில் நீங்களும் பார்க்கலாம், மாவட்டம், வட்டம், கிராமம் போட்டால் வரும். நான்கு எண்கள் நஞ்சை. பக்கத்து எண் ஏரி வாய்க்கால். அந்த நான்கு எண்களில் நாற்று நட்டவர்களின் பேரப் பிள்ளைகள்தான் இப்போது மனுக் கொடுத்திருப்பவர்கள். அவர்களில் சிலர் நம் வீடுகளுக்குப் பால் பாக்கெட் போடுகிறார்கள், சிலர் நம் எஸ்.டி.பி.யை ஓட்டுகிறார்கள். அந்த நிலம் விற்கப்பட்டபோது பணம் பெற்றது பட்டாதாரர்கள். நட்டவர்களுக்கு வேலை போனது. களமும் மேய்க்காலும் இருந்த ஊரில் இன்று எல்லோருக்கும் பொதுவாக மிஞ்சியிருப்பது ஏரிக்கரையும், அரை ஏக்கருக்குக் குறைந்த இந்தப் பூங்காவும்தான்.

இன்னொன்று. 2022இல் அந்தப் பழைய கோட்டை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக நகர்த்திவிட்டார்கள். மூன்றாவது மாஸ்டர் பிளான் தயாராகிறது; செங்கல்பட்டு உள்ளிட்ட இடங்களுக்குப் புதுநகர் வளர்ச்சித் திட்டங்களும் தனியாகத் தயாராகின்றன. நம்மைச் சுற்றி இன்னும் வயலாக இருக்கும் ஊர்களில் எங்கே வீடு வரும், எது ஏரிக்கு விடப்படும் என்பது இந்தச் சில வருடங்களில் முடிவாகும். வரைவு வெளியிடும்போது மக்கள் கருத்தும் கேட்பார்கள். அப்போது வாய்க்காலை விடு, சாலைக்கு இடம் விடு என்று ஊரோடு சேர்ந்து நாம் கேட்க வேண்டியிருக்கும். லாரித் தண்ணீருக்கு நாம் கொடுக்கும் பணம் உங்களுக்குத் தெரியும்; ஏரி நிரம்பினால் நம் போர்வெல்லிலும் தண்ணீர் இருக்கும் என்பதும் தெரியும். விட்ட இடத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு, மற்றவர்களை இடம் விடச் சொல்லி எந்த முகத்தோடு கேட்பது?

கேட்கும் இடம் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. நாம் இருப்பது கிராம ஊராட்சி எல்லையில். ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். முன்பு வருடத்துக்கு நான்கு முறை கூடியது. 2022 முதல் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22, உள்ளாட்சி தினமான நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்து ஆறு முறை. நம்மில் பாதிப்பேர் வாக்கை இன்னும் மாம்பலத்திலும் அண்ணா நகரிலும் வைத்திருக்கிறோம். அதை இங்கே மாற்ற விரும்புவோருக்குப் படிவம் நிரப்ப உதவுவதாக சி பிளாக் இளைஞர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

பொதுக்குழு வழக்கம்போல கிளப் ஹவுஸில். பூங்காத் தானப் பத்திரத்தின் நகலைப் பதிவு அலுவலகத்தில் மனுப் போட்டு வாங்கியிருக்கிறேன். அசோசியேஷன் அலுவலகத்தில் நோட்டீஸ் போர்டுக்குக் கீழே இருக்கும் நீலக் கோப்பில் இருக்கிறது. ஓட்டுப் போடுவதற்கு முன் மூன்றாம் பக்கத்தைப் பாருங்கள். சாலை வாசலின் சாவி செக்யூரிட்டி அறை ஆணியில் தொங்குகிறது. போன வாரம் போட்டுப் பார்த்தேன். துருப் பிடித்திருக்கிறது, கொஞ்சம் எண்ணெய் விட்டால் திரும்பும்.